நாஸ்கா கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாஸ்கா கோடுகள் என்பவை எவை? அவை எங்கே இருக்கின்றன?

பெரு நாட்டின் தென் கடலோரப் பகுதியில், தலைநகர் லிமாவிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே, பால்பா, நாஸ்கா என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே வறண்ட சமவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலையின் அடிவாரக் குன்றுகளும் மறுபக்கம் பசிபிக் கடலை நோக்கிய மணல்மேடுகளும் அதன் எல்லைகள். மலையிலிருந்து ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே நீர் கொண்டுவரும் சிற்றாறுகள் அதை ஊடறுத்துச் செல்கின்றன. அந்தச் சமவெளியின் மீதும் அதைச் சூழ்ந்த குன்றுச் சரிவுகளிலும் பழங்கால மக்கள் தரையைக் கீறி உருவாக்கிய நேர்கோடுகள், சரிவகங்கள், சுருள்கள், விலங்கு மற்றும் மனித உருவங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே நாஸ்கா கோடுகள் என்கிறோம். 1994இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 450 சதுர கி.மீ.

படங்களில் எப்போதும் குரங்கும் பறவையும்தான் தெரிகின்றன. மொத்தம் எத்தனை உருவங்கள் உள்ளன?

அஞ்சலட்டைகளில் வரும் குரங்கு, சிலந்தி, ஓசனிச்சிட்டு, காண்டர் கழுகு ஆகியவை மொத்தத்தில் மிகச் சிறிய பகுதியே. எண்ணிக்கையிலும் பரப்பிலும் மேலோங்கி நிற்பவை நேர்கோடுகளும் வடிவியல் உருவங்களும்தான். நூற்றுக்கணக்கான நேர்கோடுகள் இருக்கின்றன. அவற்றுள் சில, மேடு பள்ளங்களைப் பொருட்படுத்தாமல் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வளையாமல் செல்கின்றன. சரிவகங்களோ கால்பந்து மைதானங்கள் பலவற்றை உள்ளடக்கும் அளவுக்கு நீண்டவை.

உருவச் சித்திரங்களைப் பொறுத்தவரை, பழைய நூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் சுமார் 70 என்ற எண்ணையே இன்னும் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன. அந்த எண் காலாவதியாகிவிட்டது. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த கள ஆய்வுகளால் அது 430ஐ எட்டியது. பின்னர் 2024இல் ஒரே ஆய்வறிக்கை மேலும் 303 உருவங்களை அறிவித்தது. அந்த ஆய்வைப் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஓசனிச்சிட்டு ஏறத்தாழ 95 மீட்டர், காண்டர் ஏறத்தாழ 135 மீட்டர், சிலந்தி சுமார் 46 மீட்டர் நீளம் கொண்டவை. இவை பெரியவைதாம். ஆனால் அண்மையில் கண்டறியப்பட்ட உருவங்களில் பெரும்பாலானவை பத்து மீட்டருக்கும் குறைவானவை என்பதால், நாஸ்கா என்றாலே பிரம்மாண்டம் என்று கொள்வது முழு உண்மையாகாது.

இவற்றை வரைந்தவர்கள் யார் என்று தெரியுமா?

தெரியும். இணையத்தில் உலவும் காணொளிகள் இதை இன்றும் விடை தெரியாத கேள்வியாகவே முன்வைக்கின்றன. ஆனால் தொல்லியலாளர்களிடையே இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்ட செய்தி. இப்பகுதியின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ கி.மு. 100 முதல் கி.பி. 650 வரை வாழ்ந்த நாஸ்கா பண்பாட்டு மக்களே பெரும்பாலான கோடுகளை வரைந்தனர். அவர்களுக்கு முன்பு அங்கே இருந்த பராக்காஸ் பண்பாட்டினர் பால்பாவைச் சுற்றிய குன்றுச் சரிவுகளில் மனித உருவங்களை வரையத் தொடங்கிவைத்தனர்.

இந்த முடிவுக்குப் பல வழிகளில் சான்று கிடைத்திருக்கிறது. கோடுகளின் மீதும் ஓரங்களிலும் உடைந்து கிடக்கும் வண்ணப் பானை ஓடுகள் நாஸ்கா காலத்தவை. கோடுகளின் முனைகளில் நட்டுவைத்த மரக்கழிகள் சிலவற்றின் காலத்தைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு மூலம் அறிய முடிந்தது. ஓரங்களில் குவிக்கப்பட்ட கற்களின் அடிப்பகுதி கடைசியாக எப்போது சூரிய ஒளியைக் கண்டது என்பதை ஒளிர்வுக் கணிப்பு முறையால் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எளிதான சான்று ஒன்று உண்டு. தரையில் உள்ள அதே ஓர்கா திமிங்கிலமும் அதே பறவைகளும் நாஸ்கா மக்களின் பானைகளிலும் துணிகளிலும் அதே சாயலில் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுத்து இல்லாத அந்த மக்கள் தங்கள் கையொப்பத்தை வீட்டுக் கலங்களிலேயே விட்டுச்சென்றுள்ளனர்.

எந்தக் கருவியைக் கொண்டு, எப்படி வரைந்தார்கள்?

சமவெளியின் மேற்பரப்பு முழுவதும் சிறு கற்கள் போர்த்தியது போலப் பரவியிருக்கின்றன. இரும்பு, மாங்கனீசு ஆக்ஸைடுகள் நெடுங்காலம் படிந்ததால் அக்கற்கள் கருஞ்செம்மை நிறம் அடைந்தவை. அவற்றுக்குக் கீழே, ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில், வெளிறிய மஞ்சள் நிற மண் இருக்கிறது. கற்களை அகற்றி இரு ஓரங்களிலும் குவித்தால் போதும், இருண்ட தரையில் வெளிர்ந்த பாதை ஒன்று தெளிவாகத் தோன்றிவிடும். தோண்டவோ செதுக்கவோ வேண்டியதில்லை. கையும் ஒரு துடைப்பமும் கற்களைச் சுமக்க ஒரு கூடையும் இருந்தால் வேலை நடக்கும்.

நேர்கோட்டுக்கு மூன்று கழிகள் போதும். இரண்டை நட்டு, மூன்றாவதை அவற்றோடு ஒரே பார்வைக்கோட்டில் நிறுத்தி, பின்னாலிருக்கும் கழியைப் பிடுங்கி முன்னே நட்டுக்கொண்டே போனால் எத்தனை கிலோமீட்டரும் கோணாமல் செல்லலாம். வளைவுகளுக்குக் கழியும் கயிறும் தேவை. சிறு வரைபடம் ஒன்றைக் கயிற்றளவுகளின் துணையால் பெரிதாக்கியிருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

இது நடைமுறையில் முடியுமா என்பதை 1982இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜோ நிக்கல் என்பவர் சோதித்துப் பார்த்தார். ஆறு பேர் கொண்ட அவருடைய குழு, மரக்கழிகளையும் கயிற்றையும் மட்டும் கொண்டு, வானிலிருந்து யாரும் வழிகாட்டாமல், 440 அடி நீளக் காண்டர் உருவத்தை முழு அளவில் ஒன்றரை நாளில் வரைந்து முடித்தது. பின்னர் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அது மூலத்தோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தது. அவர்கள் கற்களை அகற்றவில்லை, சுண்ணாம்புத் தூளால் கோடிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் கடினம் என்று கருதப்பட்டது அளவும் வடிவமும்தானே தவிர, கல் பொறுக்குவது அன்று.

இரண்டாயிரம் ஆண்டுகளாக இவை அழியாமல் இருப்பது எப்படி?

உலகின் மிக வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. கடலோரமாக ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் காற்றைக் குளிர்விப்பதால் மழைமேகம் உருவாகும் வாய்ப்பு அற்றுப்போகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சில மில்லிமீட்டர்தான். செடிகொடிகளும் உழவும் இல்லை. மணற்காற்று வீசினாலும், பகலில் சூடேறும் கருங்கற்களுக்கு மேலே எழும் வெப்பக் காற்று அதைத் தரையைத் தொடாமல் தடுக்கிறது என்று இக்கோடுகளை அளந்து காத்த ஆய்வாளர் மரியா ரைஹே விளக்கினார். எனினும் 'அழியவே இல்லை' என்பது மிகை. மலையில் பெருமழை பெய்யும் எல் நினோ ஆண்டுகளில் திடீர் வெள்ளம் சமவெளியின் பல இடங்களை அரித்திருக்கிறது. குன்றுச் சரிவுகளில் உள்ள பழைய உருவங்கள் பலவும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மங்கிவிட்டன.

வானத்திலிருந்து பார்த்தால் மட்டுமே இவை தெரியும் என்பது உண்மையா?

இல்லை. நாஸ்காவைப் பற்றிய தவறான எண்ணங்களுள் மிகவும் செல்வாக்குப் பெற்றது இதுவே. மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. குன்றுச் சரிவுகளில் உள்ள உருவங்கள் கீழே நடந்து செல்பவர் அண்ணாந்து பார்க்கும் வகையில் அமைந்தவை. சமவெளியின் நேர்கோடுகளையும் சரிவகங்களையும் பக்கத்துக் குன்றின் மேலே ஏறி நின்று காணலாம். ஓசனிச்சிட்டு போன்ற பெரிய உருவங்களின் முழு வடிவத்தை உணர மட்டுமே உயரம் தேவைப்படுகிறது.

நாஸ்கா மக்கள் வெப்பக் காற்றுப் பலூனில் பறந்து தங்கள் வேலையைச் சரிபார்த்தார்கள் என்ற கருத்தும் ஒரு காலத்தில் பேசப்பட்டது. அதை மெய்ப்பிக்க 1975இல் ஜிம் உட்மன், ஜூலியன் நாட் ஆகிய இருவரும் உள்ளூர்ப் பொருள்களை ஒத்த துணியாலும் நாணற் கூடையாலும் பலூன் செய்து நாஸ்காவில் பறந்தனர். பலூன் மேலே எழும்பிச் சில நிமிடங்களில் தரையிறங்கிவிட்டது. அவர்களுடைய துணிச்சல் பாராட்டத்தக்கது. ஆனால் ஒன்று செய்ய முடியும் என்பது அது செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. நாஸ்கா கல்லறைகளிலோ பானை ஓவியங்களிலோ பலூனின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது விமானிகளா?

விமானிகள் அதைப் பிரபலமாக்கினார்கள். 1920களின் இறுதியில் லிமாவிலிருந்து தெற்கே விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, மேலே பறந்தவர்கள் கோடுகளைக் கண்டு வியந்து பேசினார்கள். ஆனால் பெருவைச் சேர்ந்த தொல்லியலாளர் தொரிபியோ மெஹியா ஹெஸ்பே, 1920களின் நடுப்பகுதியிலேயே அடிவாரக் குன்றுகளில் நடந்தபோது கோடுகளைக் கண்டு குறித்துக்கொண்டிருந்தார். 1939இல் லிமாவில் நடந்த மாநாடு ஒன்றில் அவற்றைப் பற்றி உரையாற்றிய அவர், அவை சடங்குப் பாதைகள் என்று கூறினார்.

தரையில் நின்று பார்த்த முதல் ஆய்வாளருக்கு அவை நடக்கும் பாதைகளாகத் தோன்றின. விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்கோ அவை மேலிருந்து படிக்க வேண்டிய ஓவியங்களாகத் தோன்றின. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உலகம் இரண்டாவது பார்வையையே பின்பற்றியது. மெஹியா ஹெஸ்பேயின் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது நியாயமன்று என்பது எம் கருத்து.

மரியா ரைஹே யார்? ஏன் எல்லோரும் அவரைக் குறிப்பிடுகிறார்கள்?

1903இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்து, கணிதம் படித்து, 1932இல் குஸ்கோவில் ஒரு குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஆசிரியையாகப் பெருவுக்கு வந்தவர் அவர். நாஸ்கா ஆய்வில் இறங்கியிருந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் பால் கோசோக்குக்கு உதவியாளராகச் சேர்ந்து, 1946 முதல் பாலைவனத்திலேயே தங்கிப் பணியாற்றினார். ஏணியும் அளவுநாடாவும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு, மங்கிய கோடுகளைப் பெருக்கித் துலக்கி, ஒவ்வோர் உருவத்தையும் அளந்து வரைபடமாக்கினார். உள்ளூர் மக்கள் தொடக்கத்தில் அவரைப் பித்துப் பிடித்தவராகக் கருதினர். 1998இல் அவர் இறந்தபோது அவருடைய பெயர் நாட்டின் மதிப்புக்குரிய பெயர்களுள் ஒன்றாகியிருந்தது. நாஸ்காவின் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

அவருடைய விளக்கங்களைவிட அவருடைய காவலே பெரிய கொடை. 1930களின் இறுதியில் பான்-அமெரிக்க நெடுஞ்சாலை போடப்பட்டபோது, 180 மீட்டர் நீளப் பல்லி உருவத்தை அது இரண்டாகப் பிளந்துகொண்டு சென்றது. அப்படி ஓர் உருவம் அங்கே இருப்பதைச் சாலை போட்டவர்கள் அறிந்திருக்கவில்லை. பின்னர் அச்சமவெளியைப் பாசன நிலமாக்கும் திட்டம் எழுந்தபோது அதை எதிர்த்து நிறுத்தியவர்களுள் ரைஹே முதன்மையானவர். 1976இல் நெடுஞ்சாலை ஓரமாகப் பார்வைக் கோபுரம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார். மக்கள் மேலே நின்று பார்த்துவிட்டுப் போனால் கோடுகளை மிதிக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அவர் துடைப்பத்தால் பெருக்கித் துலக்கியதால் சில கோடுகளின் பழைய மேற்பரப்பு மாறிப்போயிருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அவர் இல்லாவிட்டால் இன்று ஆராய்வதற்கு இவ்வளவு மிஞ்சியிருக்காது.

இவை ஒரு மாபெரும் வானியல் நாட்காட்டியா?

1941 ஜூன் 22 அன்று, தென் அரைக்கோளத்தின் குளிர்காலச் சங்கராந்தியை (ஆண்டின் மிகக் குறுகிய பகல்) ஒட்டி, கோடு ஒன்றின் முனையில் நின்றிருந்த பால் கோசோக், சூரியன் சரியாக அந்தக் கோட்டின் நேரே மறைவதைக் கண்டார். உலகின் மிகப் பெரிய வானியல் நூல் இதுவே என்று அவர் எழுதினார். ரைஹே தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டு நின்றார்.

1968இல் வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் இதைக் கணினியின் துணையால் சோதித்தார். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் வட்டக்கற்களுக்கு வானியல் விளக்கம் தந்து புகழ்பெற்றவர் அவர் என்பதால், நாஸ்காவிலும் அவ்வாறே காண்பார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் சூரியன், சந்திரன், விண்மீன்கள் ஆகியவற்றோடு ஒத்துப்போகும் கோடுகளின் எண்ணிக்கை, எதேச்சையாக அமையக்கூடிய அளவைத் தாண்டவில்லை என்றே அவர் முடிவுரைத்தார். எல்லாத் திசைகளிலும் நூற்றுக்கணக்கான கோடுகள் ஓடும்போது, அவற்றுள் சில சூரியன் மறையும் இடத்தைச் சுட்டுவதில் வியப்பில்லை. சில கோடுகள் வேண்டுமென்றே அப்படி அமைந்திருக்கலாம். ஆனால் மொத்தத்தையும் நாட்காட்டி என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை.

அப்படியானால் எதற்காகத்தான் வரைந்தார்கள்?

இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி இதுவே. யார், எப்போது, எப்படி என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஏன் என்பதற்கு ஒரே சொல்லில் விடை தேடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பல தலைமுறையினர் வரைந்துகொண்டும் பழைய உருவங்களின் குறுக்கே புதிய கோடுகளை இழுத்துக்கொண்டும் இருந்த ஒரு வழக்கத்துக்கு ஒரே நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. இருப்பினும் சான்றுகள் இரண்டு செய்திகளை மிகவும் வலுவாகச் சொல்கின்றன. ஒன்று நடை, மற்றொன்று நீர்.

முதலில் நடை. பெரிய விலங்கு உருவங்கள் பலவும் ஒரே தொடர்கோட்டால் ஆனவை. கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல், புகுந்த இடத்துக்கு அருகிலேயே வெளியேறுகிறது. ஓர் ஆள் அதன் மீது நடந்தால் உருவம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம். ஆந்தனி அவேனி, கேரி அர்ட்டன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் சமவெளியை ஆராய்ந்து, நேர்கோடுகள் குழப்பமாகச் சிதறிக் கிடக்கவில்லை, குன்றுகளையும் மேடுகளையும் மையமாகக் கொண்டு ஆரங்களாகப் பிரிகின்றன என்று காட்டினர். அத்தகைய மையங்கள் 62 என்று அவர்கள் கணக்கிட்டனர். 2012இல் நிக்கோலஸ் சாண்டர்ஸும் கிளைவ் ரகிள்ஸும் வெளியிட்ட ஆய்வு, நான்கு கி.மீ.க்கும் மேல் நீளும் ஒரு சிக்குவழியைப் பற்றியது. கூர்மையான திருப்பங்கள் பலவற்றுக்குப் பின் சுருள் ஒன்றுக்குள் புகுந்து வெளியேறும் அந்த வழியின் அமைப்பு, அதில் நடந்து பார்த்தபோதே அவர்களுக்குப் புலப்பட்டது. பால்பா பகுதியில் 1990களின் இறுதியில் தொடங்கி ஆய்வு நடத்திய மார்க்குஸ் ரைண்டல், ஜானி இஸ்லா ஆகியோரின் குழு, காந்த அளவீடுகள் மூலம், சரிவகங்களின் தரை மனிதர்கள் திரும்பத் திரும்ப நடந்ததால் இறுகியிருப்பதைக் கண்டது.

அடுத்து நீர். அதே குழு சரிவகங்களின் முனைகளில் இருந்த கல்மேடைகளை அகழ்ந்தபோது, உடைக்கப்பட்ட பானைகளும் விளைபொருள்களும் ஸ்பான்டிலஸ் என்னும் முட்சிப்பியின் துண்டுகளும் காணிக்கைகளாகக் கிடைத்தன. அந்தச் சிப்பி பெருவின் தென்கரைக் குளிர்நீரில் வாழாது. வடக்கே எக்வடோரின் வெதுவெதுப்பான கடலிலிருந்து கொண்டுவர வேண்டியது. ஆண்டீஸ் பண்பாடுகள் பலவற்றிலும் அது நீரோடும் செழிப்போடும் இணைத்து எண்ணப்பட்ட பொருள். மழையே இல்லாத நிலத்தில், மலையில் பெய்யும் மழையை நம்பி உழுத மக்கள், மலையை நோக்கியும் ஆற்றின் போக்கை ஒட்டியும் பாதைகள் அமைத்து, அவற்றின் முனையில் நீருக்கான காணிக்கையை வைத்தனர் என்பது இயல்பான விளக்கம். மானுடவியலாளர் யோஹான் ரைன்ஹார்டு, ஆண்டீஸ் மலைவாழ் மக்களின் மலை வழிபாட்டோடு இதை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இடம் கவாச்சி. நாஸ்கா ஆற்றின் கரையில், கோடுகள் உள்ள சமவெளிக்கு எதிரே, மண்கற்களால் கட்டிய பிரமிடுகளும் மேடைகளும் கொண்ட பெருந்தலம் அது. எலேன் சில்வர்மன் நடத்திய ஆய்வு, அங்கே நிலையாக வாழ்ந்தவர்கள் குறைவு, குறிப்பிட்ட காலங்களில் பல பள்ளத்தாக்குகளிலிருந்து மக்கள் திரண்டு வந்து சடங்கு செய்து திரும்பினர் என்ற முடிவுக்கு வந்தது. பள்ளத்தாக்குகளையும் கவாச்சியையும் இணைக்கும் பாதைகள் கோடுகள் நிறைந்த சமவெளியின் ஊடாகவே செல்கின்றன.

கேரி அர்ட்டன் குறிப்பிட்ட செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். குஸ்கோவுக்குத் தெற்கே பகரிக்தம்போ என்னும் ஊரில், திருவிழாவுக்கு முன் ஊர்ச் சதுக்கத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடிக்கூட்டமும் தனக்குரிய பட்டையைப் பெருக்கித் தூய்மை செய்யும் வழக்கம் இருக்கிறது. நாஸ்காவின் கோடுகளும் அவ்வாறே ஒவ்வொரு குடியின் பொறுப்பில் இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. இது நேரடிச் சான்றன்று. ஆனால் இத்தனை கோடுகள் ஏன், ஒன்றன் மேல் ஒன்று ஏன் என்ற கேள்விகளுக்கு நமக்குத் தெரிந்தவற்றுள் நல்ல விடை இதுவே: கோட்டை வரைவதும் பெருக்குவதும் அதன் மேல் நடப்பதுமே சடங்கு. முடிந்த ஓவியத்தை யாரேனும் பார்க்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

நிலத்தடி நீர் ஓடும் இடத்தைக் கோடுகள் காட்டுகின்றன என்கிறார்களே?

சில இடங்களில் அப்படி இருக்கக்கூடும் என்று டேவிட் ஜான்சன் என்பவர் வாதிட்டார். எல்லாக் கோடுகளுக்கும் அதைப் பொருத்திக் காட்ட முடியவில்லை. ஆனால் நாஸ்கா பகுதியினர் நிலத்தடி நீரை நன்கு அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. புக்கியோ எனப்படும் சுரங்கக் கால்வாய்கள் மலையடிவார நிலத்தடி நீரை வயல்களுக்குக் கொண்டுவருகின்றன. அவற்றைத் தூர்வாரவும் காற்று புகவும் அமைத்த சுருள்வடிவக் குழிகள் காந்தயோக் என்னும் இடத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அக்கால்வாய்களில் பல இன்னும் பாசனத்துக்குப் பயன்படுகின்றன. அவை நாஸ்கா காலத்தவையா, பிற்காலத்தவையா என்ற விவாதம் தொடர்கிறது.

வேற்றுக்கிரகவாசிகள் இறங்கிய ஓடுபாதைகள் என்ற கதை எங்கிருந்து வந்தது?

1968இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எரிக் ஃபான் டானிக்கன் எழுதி உலகெங்கும் விற்பனையான நூலே இக்கதையைப் பரப்பியது. சரிவகங்கள் விமான ஓடுபாதையைப் போலத் தோன்றுகின்றன என்பதே அதன் முழு ஆதாரம். அந்த மிருதுவான மண்ணில் விண்கலம் இறங்கினால் புதைந்து சிக்கிக்கொள்ளும் என்று மரியா ரைஹே நகைத்துவிட்டு நகர்ந்தார். 'விண்வெளி வீரர்' என்று அழைக்கப்படும் 32 மீட்டர் உருவம் உண்மையில் குன்றுச் சரிவில் ஒரு கையை உயர்த்தி நிற்கும் பெருங்கண் மனிதன். அந்தப் பெயர் இருபதாம் நூற்றாண்டில் சூட்டப்பட்டது.

2023 செப்டம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றத்தில் காட்டப்பட்ட மூன்று விரல் 'மம்மிகளை' முன்வைத்தும் இக்கேள்வி எழுகிறது. அவை நாஸ்கா பகுதியில் கிடைத்தவை என்று சொல்லப்பட்டது. அதே சாயலில் லிமா விமான நிலையத்தில் சுங்கத் துறை கைப்பற்றிய இரண்டு உருவங்களைப் பெருவின் தடயவியல் வல்லுநர்கள் சோதித்து, விலங்கு எலும்புகளை நவீனப் பசையால் ஒட்டிச் செய்த பொம்மைகள் என்று 2024 ஜனவரியில் அறிவித்தனர். கோடுகளுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்காக விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எகிப்து, நாஸ்கா, ஈஸ்டர் தீவு என எங்கெல்லாம் ஐரோப்பியர் அல்லாதவர் பெருஞ்செயல் புரிந்தனரோ அங்கெல்லாம் விண்ணிலிருந்து உதவி வந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது, அம்மக்களின் திறனை அவர்களிடமிருந்தே பறிப்பதாகும் என்பதால் விட்டுவிட முடியவில்லை.

2024இல் செயற்கை நுண்ணறிவு என்ன கண்டுபிடித்தது?

ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாட்டோ சகாயின் குழு 2004 முதல் இங்கு ஆய்வு செய்துவருகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தோடு இணைந்து, விமானத்திலிருந்து எடுத்த நுண்தெளிவுப் படங்களில் உருவம் இருக்கக்கூடிய இடங்களைக் கணினி சுட்டிக்காட்டுமாறு அவர்கள் செய்தனர். பின்னர் மனிதர்கள் நேரில் சென்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தனர். ஆறு மாதக் கள ஆய்வில் 303 புதிய உருவங்கள் உறுதியாயின. அதுவரை அறியப்பட்டிருந்த எண்ணிக்கையை அது கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அதன் மூலம் தெளிவான ஒரு வேறுபாடு. கோட்டால் வரைந்த பெரிய உருவங்கள், சராசரி 90 மீட்டர் அளவில், பெரும்பாலும் காட்டு விலங்குகளைக் காட்டுகின்றன. அவை நேர்கோடுகளும் சரிவகங்களும் அடங்கிய வலைப்பின்னலுக்கு அருகே இருக்கின்றன. கோடாக இல்லாமல், தரைக் கற்களைப் பரப்பாக அகற்றியும் குவித்தும் செய்த சிறிய உருவங்கள், சராசரி 9 மீட்டர் அளவில், மனிதர்களையும் துண்டித்த தலைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் காட்டுகின்றன. இவை சமவெளியில் வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளின் ஓரமாக அமைந்தவை. ஆகவே பெரியவை கூட்டுச் சடங்குகளுக்கும் சிறியவை வழியே போகும் சிறு குழுக்களோ தனி ஆட்களோ காண்பதற்கும் உரியவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

துண்டித்த தலைகளைக் கண்டு திடுக்கிட வேண்டாம். நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்த மனிதத் தலைகள் நாஸ்கா கல்லறைகளிலும் கிடைத்திருக்கின்றன.

கடலோரப் பாலைவனத்தில் குரங்கு எப்படி வந்தது?

குரங்கு அங்கே வாழ்வதில்லை. மலைகளுக்கு அப்பால் அமேசான் காட்டில் வாழ்கிறது. வணிகத்தின் வழியாக இறகுகளும் விலங்குகளும் அவற்றைப் பற்றிய பேச்சும் மலைகளைத் தாண்டி வந்திருக்கின்றன. காட்டு உயிர்கள் மழை நிறைந்த நிலத்தை நினைவூட்டியதால் அவற்றுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கலாம். குரங்கின் கைகளை எண்ணிப் பார்த்தால் விரல்கள் ஒன்பதே இருக்கும். 'கைகள்' என்று அழைக்கப்படும் மற்றோர் உருவத்திலும் ஒன்பது விரல்களே. ஆகவே இது பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

நாஸ்கா மக்களுக்கு என்ன நேர்ந்தது?

கி.பி. 650 அளவில் மலைநாட்டு வாரி அரசின் செல்வாக்கு பரவியபோது நாஸ்கா பண்பாடு தன் தனித்தன்மையை இழந்தது. அதற்கு முன்பே நிலம் நலிந்திருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் பெரஸ்ஃபோர்டு-ஜோன்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயல்களுக்காக வாராங்கோ மரக்காடுகளை வெட்டியதால் பள்ளத்தாக்குகள் காப்பிழந்தன, அதன்பின் வந்த எல் நினோ வெள்ளம் அவற்றை அரித்துச் சென்றது. ஆழ வேரூன்றி மண்ணைப் பிடித்து வைக்கும் அந்த வாராங்கோ, தமிழ்நாட்டில் வேரோடு பிடுங்க இயக்கங்கள் நடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு மரம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கோடுகளுக்கு இன்று என்ன ஆபத்து?

மனிதர்கள்தாம். அந்தத் தரையில் பதியும் காலடித் தடமும் சக்கரத் தடமும் கோடுகளைப் போலவே நெடுங்காலம் அழியாது. 2014 டிசம்பரில் லிமாவில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது, கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் இயக்கத்தினர் ஓசனிச்சிட்டு உருவத்தின் அருகே துணியெழுத்துகளைப் பரப்பிவைத்து, தங்கள் காலடித் தடங்களை விட்டுச்சென்றனர். பெரு அரசு கடுங்கண்டனம் தெரிவித்தது, இயக்கமும் மன்னிப்புக் கேட்டது. 2018 ஜனவரியில் சரக்குந்து ஒன்று நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே புகுந்து மூன்று கோடுகளைச் சேதப்படுத்தியது. உரிமம் இல்லாத சுரங்க வேலையும் குடியேற்றங்களும் அன்றாடத் தலைவலி.

2025 மே மாதத்தில் பெருவின் பண்பாட்டு அமைச்சகம், சுமார் 5,600 சதுர கி.மீ. இருந்த பாதுகாக்கப்பட்ட பகுதியைச் சுமார் 3,200 ஆகக் குறைத்தது. இது சுரங்கங்களுக்கு வழிவிடும் செயல் என்று தொல்லியலாளர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்ததால், ஜூன் மாதத்தில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. புதிய உருவங்கள் நூற்றுக்கணக்கில் வெளிவந்துகொண்டிருக்கும் நேரத்தில் எல்லையைக் குறைக்க எண்ணியது விந்தைதான்.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். நாஸ்காவிலிருந்து சிறு விமானங்கள் சுமார் அரை மணி நேரம் பறந்து பெரிய உருவங்களைக் காட்டுகின்றன. இரு பக்கப் பயணிகளும் பார்க்க வேண்டும் என்பதற்காக விமானம் மாறி மாறிச் சாய்வதால், வயிறு காலியாக இருப்பது நல்லது. கடந்த காலத்தில் விபத்துகள் நடந்திருக்கின்றன. 2022 பிப்ரவரியில் நடந்த விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். பறக்க விரும்பாதவர்கள் நெடுஞ்சாலைக் கோபுரத்தில் ஏறி, 'மரம்', 'கைகள்' ஆகிய இரண்டு உருவங்களைக் காணலாம். பால்பா அருகே குன்றுச் சரிவு உருவங்களைக் கீழிருந்தே காணலாம். கோடுகளின் மேல் நடக்க அனுமதி இல்லை.

வேறு நாடுகளிலும் இப்படி இருக்கின்றனவா?

பல இடங்களில் உள்ளன. பெருவிலேயே பிஸ்கோ வளைகுடாவை நோக்கிய சரிவில் ஏறத்தாழ 180 மீட்டர் உயரக் குத்துவிளக்கு வடிவம் இருக்கிறது, கடலிலிருந்து அது நன்றாகத் தெரியும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 119 மீட்டர் மனித உருவம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிளைத் நகருக்கு அருகிலும் மனித, விலங்கு உருவங்கள் உள்ளன. இந்தியாவில் கொங்கணக் கடலோரம், ரத்தினகிரி பகுதியின் செம்பாறை மேடுகளில் செதுக்கிய உருவங்களும் இவ்வகையில் எண்ணப்படுகின்றன. அங்கே கஷேளியில் உள்ள யானை ஏறத்தாழ 18 மீட்டர் நீளமானது. பாலைவனமும் அல்ல, கல் அகற்றிய வேலையும் அல்ல என்பதால் ஒப்பீட்டை அதற்கு மேல் நீட்டக் கூடாது.

இந்தக் கூட்டத்தில் விசித்திரமானது தென் ஆஸ்திரேலியாவின் மரீ மனிதன். 1998 ஜூனில் வாடகை விமானி ஒருவர் தற்செயலாகக் கண்ட அந்த உருவம் சுமார் 2.7 கி.மீ. உயரம் கொண்டது. இயந்திரக் கலப்பையால் உழுது அப்போதுதான் உருவாக்கப்பட்டது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வரைந்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.